வழிமறிக்கும் அதிகாரம்



நெடுஞ்சாலையில் ஒரு வண்டி விரைந்து செல்கின்றது. உள்ளே ஒரு குடும்பம் அமர்ந்திருக்கின்றது. வழியில் காவலர் ஒருவர் கை காட்டுகின்றார், வண்டி நிற்கின்றது. "நீங்கள் இந்நாட்டுக் குடிமக்கள்தாமா?" என்று அவர் கேட்கின்றார். "ஆம்" என்கின்றனர். "சரி, செல்லுங்கள்" என்று வழி விடுகின்றார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. இதில் வாதிடுவதற்கு என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம்.

ஆனால் இந்த அரை நிமிடத்தைப் பற்றி அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வருகின்றார்கள். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்புக் கூறியும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அந்த வாதத்தின் உள்ளே, எந்த நாட்டு மாணவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று இருக்கின்றது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் சிறிது வரலாறு. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த காலத்தில், சுங்க அதிகாரிகளின் கையில் ஒருவகைப் பொது ஆணை இருந்தது. கள்ளத்தனமாக வந்த சரக்கு இருக்கலாம் என்று ஐயம் தோன்றினால் போதும். யார் வீட்டிலும் நுழையலாம். எந்தப் பெட்டியையும் திறக்கலாம். இன்னார் வீடு, இன்ன பொருள் என்று அந்த ஆணையில் குறிப்பிட வேண்டுவதில்லை. 1761-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்னும் வழக்கறிஞர் இதனை எதிர்த்து மணிக்கணக்காக வாதாடினார். வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆயினும், அன்று மன்றத்தில் அமர்ந்து அதைக் கேட்டிருந்த இளைஞர் ஒருவர், தம் முதுமையில் அந்த நாளை நினைவு கூர்ந்து, நாட்டின் விடுதலை உணர்ச்சி அங்கேதான் பிறந்தது என்னும் பொருள்பட எழுதினார். அவரே பிற்காலத்தில் அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ்.

விடுதலை பெற்ற பின்பு அம்மக்கள் அந்தப் பழைய துன்பத்தை மறக்கவில்லை. 1791-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களுக்கும் அவர்தம் வீட்டுக்கும் உடைமைக்கும் காப்பு அளித்தது. சோதனைக்கு ஆணை பிறப்பிக்க வேண்டுமாயின் தக்க காரணம் வேண்டும். எந்த இடம், எந்தப் பொருள் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வகுத்த இந்த விதி வண்டிக்கும் பொருந்துமா? வீடு நின்ற இடத்தில் நிற்கும், வண்டியோ ஓடிவிடும். ஆணை வாங்கி வருவதற்குள் அது அடுத்த மாநிலத்தில் இருக்கும். ஆகவே, தக்க காரணம் இருக்குமாயின் ஆணை இல்லாமலே வண்டியைச் சோதிக்கலாம் என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆணை வேண்டியதில்லை, ஆனால் காரணம் வேண்டும். இந்த வேறுபாட்டை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1952-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், எல்லையிலிருந்து நியாயமான தொலைவுக்குள் வண்டிகளைச் சோதித்து, உரிமையின்றி நாட்டுக்குள் வந்தவர்கள் இருக்கின்றார்களா என்று பார்க்க அதிகாரம் தந்தது. நியாயமான தொலைவு என்பது எவ்வளவு? 100 மைல் என்று அரசுத்துறை விதி வகுத்தது. நிலத்து எல்லை மட்டும் அன்று, கடற்கரையும் எல்லையாகக் கொள்ளப்படும். ஆதலின் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இந்த வட்டத்துக்குள் வாழ்கின்றார்கள்.

இனி வழக்குகளுக்கு வருவோம். கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லைக்கு ஏறத்தாழ 25 மைல் வடக்கே, ஒரு சாலையில் மெக்சிகோ நாட்டவர் ஒருவர் வண்டி ஓட்டிச் சென்றார். அந்நாட்டில் வேலை செய்வதற்கு உரிய அனுமதி அவரிடம் இருந்தது. ரோந்து வந்த எல்லைக் காவலர்கள் அவரை நிறுத்தி வண்டி முழுவதையும் சோதித்தார்கள். ஒளிந்திருக்கும் மனிதரைத் தேடினார்கள், கிடைத்தது கஞ்சா. 1973-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்தச் சோதனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தக்க காரணமும் இல்லை, ஆணையும் இல்லை, அவர் இசைவும் இல்லை என்பதே நீதிபதிகள் கூறியது. கஞ்சா இருந்தது உண்மைதானே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சோதனைக்குப் பின் கிடைத்த பொருள், சோதனைக்கு முன் இல்லாத காரணத்தை உண்டாக்கிவிடாது.

1975-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பயணிகள் மெக்சிகோ நாட்டவரைப் போலத் தோன்றுகின்றார்கள் என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு ரோந்துக் காவலர்கள் வண்டியை நிறுத்தலாகாது என்றது அது. அதே ஆண்டில், நிலையான சோதனைச் சாவடியிலும், காரணமோ இசைவோ இல்லாமல் வண்டியின் உள்ளே சோதிக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது.

மறு ஆண்டு, 1976-இல், சான் கிளமென்ட்டி என்னும் ஊரில் இருந்த சாவடியைப் பற்றிய வழக்கில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. எல்லையிலிருந்து சாலை வழியே 66 மைல் வடக்கே அந்தச் சாவடி இருந்தது. எட்டு நாள்களில் ஏறத்தாழ 1,46,000 வண்டிகள் அதைக் கடந்தன. அவற்றுள் 820 வண்டிகளை மட்டும் ஓரமாக நிறுத்தி விசாரித்தார்கள். 171 வண்டிகளில் 725 பேர் உரிமையின்றி வந்தவர்களாகக் காணப்பட்டார்கள். நிலையான சாவடியில் எல்லா வண்டிகளும் ஒரே வரிசையில் வருகின்றன, அச்சம் குறைவு, கேட்பதும் ஓரிரு கேள்விகளே. ஆகவே தனிப்பட்ட ஐயம் இல்லாமலே வண்டியை நிறுத்திக் கேட்கலாம் என்று நீதிபதி பவல் எழுதினார். நீதிபதி பிரெனன் இதற்கு உடன்படவில்லை. ஓரமாக ஒதுக்கப்படுகின்றவர்கள் தம் முகத்தின் சாயலாலேயே ஒதுக்கப்படுவார்கள் என்று அவர் அஞ்சினார். ஒதுக்கப்பட்ட 820 வண்டிகளில் ஏறக்குறைய 650 வண்டிகளில் குற்றம் ஏதும் காணப்படவில்லை என்பதை எண்ணும்போது, அவர் அச்சத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த காட்சி இண்டியானாபொலிஸ் நகரம். 1998-இல் அந்நகரக் காவல்துறையினர் போதைப்பொருளைப் பிடிப்பதற்கென்றே சாலைகளில் ஆறு முறை மறிப்பு வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியையும் மோப்ப நாய் ஒன்று சுற்றி வந்தது. 1,161 வண்டிகள் நிறுத்தப்பட்டன. 104 பேர் கைதானார்கள். அவர்களில் 55 பேர் போதைப்பொருள் தொடர்பானவர்கள். 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இந்த மறிப்பைச் சட்டத்துக்கு மாறானது என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓகானர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைத் தடுக்க வைக்கும் மறிப்பு, சாலையில் அப்போதே நேரக்கூடிய தீங்கைத் தடுப்பது. 1990-இல் அதை நீதிமன்றம் ஏற்றிருந்தது. எல்லையைக் காக்கும் சாவடிக்கும் தனி நோக்கம் உண்டு. ஆனால் பொதுவாகக் குற்றவாளியைப் பிடிப்பதே நோக்கமாக, வருவோர் போவோரை எல்லாம் நிறுத்துவது வேறு. அதற்கு இடம் கொடுத்தால் மறிப்பு இல்லாத சாலையே இராது அன்றோ?

ஆகவே சட்டத்தின் நிலை இதுவாயிற்று: குடியேற்றத்துக்காகச் சாவடி வைக்கலாம், போதைப்பொருளுக்காக வைக்கலாகாது. கேட்பதற்குத் தெளிவாக இருக்கின்றது. நடைமுறையிலோ, குடியேற்றச் சாவடியிலேயே மோப்ப நாய் நிற்கின்றது. முறைப்படி நிறுத்திய வண்டியின் வெளிப்புறத்தை நாய் மோப்பம் பிடிப்பது சோதனை ஆகாது என்று 2005-இல் தீர்ப்பாயிற்று. நாய் குறிப்புக் காட்டினால், உள்ளே சோதிக்கக் காரணம் கிடைத்துவிடுகின்றது. நாய்க்காக ஒருவரைக் கூடுதல் நேரம் காக்க வைக்கலாகாது என்று 2015-இல் ஒரு வரம்பு விதித்தார்கள். என்றாலும், ஒரு நோக்கத்துக்காகத் திறந்த கதவு வழியே மற்றொரு நோக்கம் நுழைந்துவிட்டது. அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அது ஆராய்ந்த ஆண்டுகளில் சாவடிகளில் நடந்த பறிமுதல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது, அமெரிக்கக் குடிமக்களிடம் எடுத்த ஓர் அவுன்சுக்கு மேற்படாத கஞ்சா. அயல்நாட்டவரைத் தேட வைத்த சாவடியில் அகப்பட்டவர் உள்நாட்டவர்!

குற்றம் குற்றந்தானே, எதைத் தேடும்போது அகப்பட்டால் என்ன? இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். அதற்கு விடை கற்பித்தவன் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, சுற்றுலாவுக்காக மாணவர்களிடம் திரட்டிய பணம் ஒருநாள் காணாமற் போயிற்று. வகுப்பிலே எல்லார் பைகளையும் கவிழ்க்கச் சொன்னேன். எவரையும் தனியே ஐயுறவில்லை. எல்லாரையும் ஒன்றுபோல் சோதிக்கின்றேன். ஆகவே இது நேர்மை என்று எண்ணினேன். ஒரு சிறுவனின் பையிலிருந்து, காகிதத்தில் சுற்றிய முட்டை ஒன்று உருண்டு வந்தது. மதியம் சத்துணவில் கொடுத்த முட்டை அது. உணவைப் பள்ளியிலேயே உண்ண வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போகலாகாது என்பது எங்கள் விதி. பணத்தைத் தேடப் போன நான், பணத்தை மறந்துவிட்டேன். "இது ஏன் இங்கே இருக்கின்றது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். "தங்கச்சிக்கு, ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பணம் அன்று மாலையே கிடைத்தது. என் அறையில், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. மறுநாள் அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தேன். வந்தான், ஆனால் அதன்பின் அவன் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவன் விதியை மீறியது உண்மை. ஆனால் அந்த விதி மீறலைத் தேட எனக்கு அன்று எந்தக் காரணமும் இருக்கவில்லை. பணத்துக்காகப் பெற்ற அதிகாரத்தை முட்டையின்மேல் செலுத்தினேன். வரிசையில் எல்லாரையும் நிறுத்தினேன். இழப்பு மட்டும் ஒருவனுக்கு, அதுவும் இருப்பவர்களில் மிக எளியவனுக்கு நேர்ந்தது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுவது என் கடமை. போதைப்பொருள் ஒரு முட்டை அன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 1,07,000-க்கும் மேற்பட்டவர்கள் அளவுக்கு மீறிய மருந்தினாலும் போதைப்பொருளினாலும் உயிரிழந்தார்கள். மகனை இழந்த தாயிடம் சென்று, "காவலர் உங்கள் வண்டியை அரை நிமிடம் நிறுத்துவது தவறு" என்று சொன்னால், அவள் என்ன விடை கூறுவாள்? எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிலை இருந்தால், எல்லைக்கே பொருள் இல்லை என்பாரும் உளர். பிள்ளைகளையும் நாட்டையும் காக்க விரும்பும் அவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், காக்கும் அதிகாரத்துக்கும் ஒரு காவல் வேண்டும். அரிசோனா மாநிலத்தில் அரிவாகா என்பது ஒரு சிற்றூர். அவ்வூரார் வெளியே செல்லும் வழியில் சாவடி இருந்தது. 2014-இல் அவர்கள் சாலையோரத்தில் நின்று, யாரை எவ்வளவு நேரம் நிறுத்துகின்றார்கள், யாரிடம் சான்று கேட்கின்றார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். லத்தீன் அமெரிக்க வழியினரிடமே மிகுதியாகக் கேட்கின்றார்கள் என்று வெளியிட்டார்கள். கல் எறியவில்லை; கணக்கு எடுத்தார்கள். குடிமக்கள் செய்யத்தக்க செயல்களில் இது சிறந்தது என்று கருதுகின்றேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகியவற்றை மட்டும் கொண்டு குடியேற்ற அதிகாரிகள் மக்களை நிறுத்தலாகாது என்று ஒரு நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில், அத்தடையை நிறுத்தி வைத்தது. 1975-இல் வரைந்த கோடு எங்கே இருக்கின்றது என்று இன்று மீண்டும் வினவுகின்றார்கள்.

மாணவர்களே! சட்டம் படிப்பவர் உங்களில் சிலர் இருக்கலாம். காவல் பணிக்கும் ஆட்சிப் பணிக்கும் போகின்றவர் சிலர் இருக்கலாம். ஆசிரியராகின்றவர் பலர் இருக்கலாம். எவ்வழியிலேனும் பிறரை நிறுத்திக் கேட்கும் அதிகாரம் ஒருநாள் உங்கள் கைக்கு வரும். அப்போது மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அதிகாரம் எதற்காகத் தரப்பட்டது? அதைத் தவிர வேறு எதற்கேனும் இதைப் பயன்படுத்துகின்றேனா? இதனால் தலை குனிகின்றவர் யார்? நான் இவற்றைக் கேட்காமல் விட்டேன். அந்தச் சிறுவன் இப்போது எங்கேயோ தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பான். அந்தப் பிள்ளையின் பையைத் திறக்கும் ஆசிரியர் நீங்களாக இருந்தால், என்னைக் காட்டிலும் சற்றுத் தயங்கித் திறப்பீர்கள் என்று நம்புகின்றேன்.