பெற்றவர் பொய்க்குப் பிள்ளை பிணையா?



தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் பழகிவிட்டோம். கலியாணம் பேசப் போகும்போது சொல்கிறோம். ஒருவன் பிழை செய்து அகப்பட்டுக்கொண்டால், அவன் பெற்ற பிள்ளையைப் பார்த்தும் அதையே சொல்கிறோம். அந்தப் பழமொழியை எதிர்த்துப் பேசத்தான் இன்றைக்கு இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். பெற்றவர் சொன்ன பொய்க்காகப் பிள்ளையைத் தண்டிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. எந்த ஊருக்கும் உரிமை இல்லை. என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றுதான். இதை ஸ்காபரோவில், தமிழர் கூடிய சபையில் ஏன் பேசுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

2010ஆம் ஆண்டு, ஜூன் 27. அமெரிக்காவில் பொஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர். ஒரு குடும்பத்தில் மூத்த மகனுக்கு அன்று இருபதாவது பிறந்தநாள். இளையவனுக்குப் பதினாறு வயது. தாய், தகப்பன், பிள்ளைகள் இருவர், நாலு பேருமாக ஓர் இந்திய உணவகத்தில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. மகனின் சிநேகிதர்கள்தான் நேரத்தோடு வந்துவிட்டார்கள் என்று தாய் நினைக்கிறாள். திறந்தால் கறுப்பு உடையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள். பிள்ளைகளின் கண் முன்னாலேயே தாய்க்கும் தகப்பனுக்கும் விலங்கு விழுகிறது.

ஊர் அறிய அந்தத் தகப்பனின் பெயர் டொனால்ட் ஹீத்ஃபீல்ட். தாயின் பெயர் ட்ரேசி ஃபோலி. இரண்டும் கனடாவில் பச்சைக் குழந்தைகளாகவே இறந்துபோன இருவரின் பெயர்கள். அந்தப் பெயர்களில் கனடியர்களாக வாழ்ந்தவர்கள், உண்மையில் ரஷ்ய உளவாளிகளான அந்திரேய் பெஸ்ருகோவ், எலேனா வவிலோவா. பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில் பிறந்தவர்கள். தங்கள் குடும்பப் பெயரே தங்களுடையது இல்லை என்பது கைது நடந்த பிறகுதான் தெரியவந்தது என்கிறார்கள் அவர்கள்.

ஜூலை 9ஆம் தேதி வியன்னா விமான நிலையத்தில் கைதிகள் கைமாற்று. அமெரிக்கப் பக்கமிருந்து பத்துப் பேர், ரஷ்யப் பக்கமிருந்து நாலு பேர். இரண்டு கிழமைக்குள் அந்தப் பிள்ளைகளின் வீடு போய்விட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டது, கூட்டாளிகள் போய்விட்டார்கள். மொஸ்கோவில் புதிதாக ஒரு பெயரும், ஒரு சொல்லும் விளங்காத பாஷையும் கிடைத்தன. கனடியக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

இனி, யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு கணக்குப் பாருங்கள். அந்த உளவாளிகளுக்கு ரஷ்ய அரசு அதே ஆண்டு விருது கொடுத்தது. தகப்பன் மொஸ்கோவில் பேர்போன பல்கலைக்கழகமொன்றில் ஆசிரியராகி, பெரிய எண்ணெய் நிறுவனமொன்றுக்கு ஆலோசகராகவும் இருந்தார். தாய் 2019இல் ஒரு நாவல் வெளியிட்டார். பொய் சொன்னவர்களுக்குப் பதவியும் மேடையும். பொய் சொல்லாத பிள்ளைகளுக்கு என்ன? இளையவர் அலெக்சாண்டர் வவிலோவுக்கு 2013இல் கனடா குடியுரிமைச் சான்றிதழ் கொடுத்தது. 2014 ஆகஸ்டில் குடியுரிமைப் பதிவாளர் அதை ரத்துச் செய்தார். 'நீ கனடியன் இல்லை. ஒருநாளும் இருந்ததும் இல்லை' என்பதுதான் அந்த முடிவின் பொருள். இருபது வயதுப் பையனுக்கு, அவன் பிறந்த மண் சொன்ன பதில் இது.

அதற்குப் பதிவாளர் காட்டிய சட்டம் என்ன? கனடாவில் பிறந்தவர் கனடியர். அதற்கு ஒரு விலக்கு உண்டு. வெளிநாட்டுத் தூதுவர்கள், வெளிநாட்டு அரசின் பிரதிநிதிகள், ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை. உளவாளியும் வெளிநாட்டு அரசின் ஊழியன்தானே என்றார் பதிவாளர். 2015இல் முதல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. அரசு விட்டதா? உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2019 டிசம்பர் 19ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகளும் அந்தப் பையன் பக்கம் முடிவு சொன்னார்கள். அந்த விலக்கு, தூதுவர்களுக்குரிய சலுகையும் காப்பும் உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான். இந்தப் பெற்றோருக்கு அப்படி ஒரு காப்பும் கனடாவில் இருந்ததில்லை. ஆகவே ரொறன்ரோவில் பிறந்தவன் கனடியனே என்று தீர்ந்தது.

அரசின் முடிவுகளை நீதிமன்றங்கள் எப்படிப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கு இந்த நாட்டின் நீதிபதிகள் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது இந்த வவிலோவ் தீர்ப்பைத்தான். சட்ட மாணவர்கள் அதை வரிவரியாகப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்குள்ளே ஒரு பிள்ளையின் ஐந்து வருடங்கள் கரைந்து கிடக்கின்றன என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

அது பழைய கதை என்பீர்கள். 2024 ஆகஸ்ட் முதலாம் தேதியைப் பாருங்கள். ஸ்லொவேனியாவில் ஆர்ஜென்டீனக் குடும்பமாக வேஷம் போட்டு வாழ்ந்த ரஷ்யத் தம்பதி ஒன்று 2022 டிசம்பரில் பிடிபட்டது. பிறகு ஒரு பெரிய கைதிகள் பரிமாற்றத்தில் மொஸ்கோவுக்கு அனுப்பப்பட்டது. அவர்களுக்குச் சின்ன வயதில் ஒரு மகள், ஒரு மகன். பரிமாற்றம் நடந்த அங்காராவிலிருந்து விமானம் கிளம்பிய பிறகுதான் தாங்கள் ரஷ்யர்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது என்று ரஷ்ய அரசின் பேச்சாளரே சொன்னார். பெருமையாகச் சொன்னார்! விமானத்தடியில் வரவேற்க வந்த புட்டின் அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியில் மாலை வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ரஷ்ய மொழி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வரவேற்ற ஆள் யார் என்பதும் தெரியாது. ஒரு பிள்ளைக்குத் தன் பெயர், தன் நாடு, தன் பாட்டன் பாட்டி யார் என்பதையெல்லாம் ஒரே விமானப் பயணத்தில் மாற்றிவிட்டு, அதைச் சாதனையாக உலகத்துக்கு அறிவித்தது ஓர் அரசு. இதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இங்கேதான் இரண்டு எதிர்வாதங்கள் வருகின்றன. பிள்ளையை விட்டுவிட்டால் பொய்யர்களுக்குத் துணிவு வந்துவிடும் என்பது ஒன்று. உளவாளி எதற்காகப் பிள்ளை வளர்த்துக் காட்டினான்? பள்ளிக்கூட வாசலில் நிற்கிற தகப்பனை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பெற்றவருடைய வேஷத்துக்கு அந்தப் பிள்ளைகள் மறைப்பாக இருந்தார்கள். முதலில் பெற்றவர் பயன்படுத்தினார். பிறகு அரசு தண்டித்தது. ஒரே பிள்ளைக்கு இரண்டு தரம் அநியாயம். இதனால் எந்த உளவாளி பயந்து திருந்தினான்? பொய்யனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது. அவனைத் தண்டியுங்கள்.

பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் என்பது இரண்டாவது. அந்த மூத்த மகனைப் பற்றி 2012இல் ஓர் அமெரிக்க நாளேடு அப்படித்தான் எழுதியது. அவர் மறுத்தார். அண்ணன் தம்பி இருவர் மீதும் எந்த நீதிமன்றத்திலும் ஒரு குற்றச்சாட்டும் வரவில்லை. ஆனாலும் சந்தேகம் அவர்கள் பின்னாலேயே திரிந்தது. சாட்சி இருந்தால் வழக்குப் போடு. இல்லையென்றால் வாயை மூடு. இரத்தத்தைச் சாட்சியாகக் கொண்டுவராதே.

சபையோரே, இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

அந்த 2010ஆம் ஆண்டு கோடையில்தான், கைமாற்று நடந்து ஐந்து கிழமையில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. 492 தமிழர், அவர்களில் 49 பேர் பிள்ளைகள். கப்பல் கரை சேரும் முன்னரே அதில் மனிதக் கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கலாம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர் பேசினார். தாய்மாரோடு பிள்ளைகளைப் பேர்ணபியில் இளங் குற்றவாளிகளை வைக்கிற இடத்தில் வைத்தார்கள். கைக்குழந்தை செய்த குற்றம் என்ன?

அதற்கு முன்னர் 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள். பொய் வெளிப்பட்டதும் பத்திரிகைகள் கொதித்தன. ஆனாலும் அன்றைய அரசு அவர்களை இங்கே இருக்க விட்டது. அப்படிப் பொய்யில் தொடங்கிய வாழ்க்கைகள் எங்கள் சமூகத்தின் அத்திவாரத்தில் இருக்கின்றன. சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தலை மாற்றின பாஸ்போர்ட்டில் வந்தவர்களும், ஏஜென்சிக்காரன் கொடுத்த பெயரில் கேஸ் அடித்தவர்களும் இந்த மண்டபத்துக்குள் இல்லை என்று யாராவது சத்தியம் செய்வீர்களா?

உளவாளியையும் அகதியையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. ஒருவர் அரசுக்காகப் பொய் சொன்னார். மற்றவர் உயிருக்காகச் சொன்னார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிற அகதியைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பெற்றவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் உண்டு. பிள்ளைகளுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பிள்ளையும் பொய் சொல்லவில்லை. பேர்ணபிப் பிள்ளையும் சொல்லவில்லை.

அப்படியிருக்க, இந்த நாட்டின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இன்றைக்கும் என்ன சொல்கிறது? நேரடியாகவோ மறைமுகமாகவோ உண்மைக்கு மாறான தகவல் கொடுத்தவர் இங்கே இருக்கத் தகுதியற்றவர் என்கிறது. அந்த 'மறைமுகமாகவோ' என்பதற்குள் வேறொருவர் சொன்ன பொய்யும் அடங்கும் என்று நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. தகப்பனின் விண்ணப்பத்தில் பெயர் சேர்க்கப்பட்டு, ஆறு வயதில் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, வளர்ந்து ஆளான பிறகு அதே பொய்க்காகத் தன் நிரந்தர வதிவுரிமையை இழக்கலாம். மனிதாபிமான அடிப்படையில் கெஞ்சலாம்தான். பிள்ளையின் நலனைக் கருத்தில் எடுக்க வேண்டும் என்று 1999இல் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் குற்றமே செய்யாதவன் ஏன் கருணை கேட்க வேண்டும்? கருணை குற்றவாளிக்கு. குற்றமற்றவனுக்கு உரிமை.

இந்த உரிமைக்குக் கனடாவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் உரிமை உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு, பெற்றோரின் நிலைக்காகவோ செயலுக்காகவோ பிள்ளை எந்தத் தண்டனையும் அனுபவிக்காமல் அரசு காக்க வேண்டும் என்கிறது. எட்டாவது பிரிவு, பெயரும் நாட்டுரிமையும் உள்ளிட்ட பிள்ளையின் அடையாளத்தைக் காக்கச் சொல்கிறது. 1991இல் கனடா அதை ஏற்றது. ஏற்ற அரசுதான் 2014இல் ஒரு பிள்ளையின் குடியுரிமையைப் பறித்தது.

ஆகவே அரசிடம் கேட்கிறேன். 40ஆவது பிரிவைத் திருத்துங்கள். பொய் சொல்லப்பட்டபோது பதினெட்டு வயதுக்குக் குறைந்திருந்தவர் மீது அந்தப் பிரிவு பாயக் கூடாது என்று எழுத்தில் எழுதுங்கள். எங்கள் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேட்போம்.

ஊரிடமும் கேட்கிறேன். ஒரு வீட்டில் பிரச்சினை வெளிவந்து பத்திரிகையில் படமும் வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை கோயிலுக்கு வரும்போது கதையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கிறோமே, அதுவும் தண்டனைதான். 'அவற்ற மகள்தானே' என்று கலியாணப் பேச்சை முறிக்கிறோமே, அதுவும் தண்டனைதான். நாங்கள் அரசைக் கேள்வி கேட்பதென்றால் முதலில் இந்த வழக்கத்தை விட வேண்டும்.

பெற்றவர்களே, கடைசியாக உங்களிடம். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புகிற பிள்ளை, 'அப்பா, பிறப்புச் சான்றிதழில் ஒரு வருஷம் இருக்கு, இமிகிரேஷன் பேப்பரில வேற வருஷம் இருக்கு, எது சரி?' என்று கேட்கிறது. 'அதெல்லாம் உனக்குத் தேவையில்லை' என்று அலுமாரியைப் பூட்டுகிறீர்கள். பூட்டாதீர்கள். முதலில் ஒரு நல்ல சட்டத்தரணியிடம் போங்கள். எதைத் திருத்தலாம் என்று கேளுங்கள். பிறகு பிள்ளையை இருத்தி, எந்தப் பெயரில் வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எதற்குப் பயந்து வந்தீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். அதிகாரி சொல்லித் தெரிந்தால் அது பிள்ளைக்கு அவமானம். நீங்கள் சொல்லித் தெரிந்தால் அது குடும்ப வரலாறு.

இங்கே இருக்கிற இளையவர்களே, உங்கள் பெற்றோர் என்ன சொல்லி எல்லை கடந்திருந்தாலும் அந்தப் பழி உங்களுடையது இல்லை. தலையைக் குனியாதீர்கள். குனியச் சொல்கிறவர்களோடு போராட உங்களுக்கு முன்னால் நாங்கள் நிற்போம்.