யார் வரவில்லை?

இன்று இறையியல் பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் ஏதாவது ஒரு சேகரத்தில் போய் இறங்குவீர்கள். "புது ஐயர் வந்தாச்சு" என்று ஒரு ஊர் பேசும். பெண் குருவானவர் என்றால் இன்னும் கூடுதலாகவே பேசும். உங்கள் முதல் பிரசங்கத்தை இப்போதே மனதுக்குள் எழுதிப் பார்க்கிறவர்களும் இங்கே இருப்பீர்கள். வாழ்த்துகிறேன். நான் சபை வரலாறு கற்பிக்கிறவன். ஆகவே பிரசங்கம் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. கஷ்ட காலம் வந்தபோது சபைகள் எப்படிப் பிழைத்தன என்பதைப் பற்றி வரலாறு எனக்குக் காட்டிய ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

துன்ப நேரத்தில் சபையின் ஐக்கியம் எதற்கு என்று கேட்டால், ஆறுதல் சொல்ல, ஜெபிக்க, உதவி செய்ய என்போம். எல்லாம் சரிதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யார் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். வராதவரைத் தேடாத சபை அவருக்கு ஆறுதல் சொல்லவே முடியாது. அந்தப் பழக்கம் துன்பம் வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடியதும் அல்ல.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாக வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பெயர்கள்தானே என்று நினைக்கிறோம். பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் தான் பார்த்திராத அந்த நகரத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லாவின் வீட்டில் சபை கூடுவது அவருக்குத் தெரியும். பெர்சியாள் என்ற பெண் பட்ட பாடு தெரியும். ரூபுவின் தாய் தனக்கும் தாயாக இருந்ததை மறக்கவில்லை. அந்தப் பெயர்களில் சில அக்காலத்தில் அடிமைகளுக்கு வழங்கியவை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். எஜமான் வீட்டில் ஒரு கருவியாக எண்ணப்பட்டவர், வாரம் ஒருமுறை ஓர் இடத்தில் பெயருள்ள மனிதராக உட்கார்ந்திருக்கிறார்.

இரு நூற்றாண்டு கழித்து அதே ரோமாபுரிக்கு வாருங்கள். பேரரசன் தேசியுவின் உபத்திரவத்தில் ஆயர் பாபியான் 250ஆம் ஆண்டு ஜனவரியில் கொல்லப்பட்டார். அடுத்த ஆயரைத் தெரிந்துகொள்ளவே ஓராண்டுக்கு மேல் ஆனது. 251இல் அந்தப் பொறுப்புக்கு வந்த கொர்னேலியு, அந்தியோகியாவின் ஆயருக்கு எழுதிய ஒரு கடிதத்தை யூசேபியு தம் சபை வரலாற்றில் பாதுகாத்திருக்கிறார். கடிதம் சபைப் பிளவைப் பற்றியது. அதன் நடுவே ஒரு கணக்கு வருகிறது: மூப்பர்கள் 46 பேர், உதவிக்காரர்கள் 7 பேர், அவர்களோடு வேறு பல ஊழியர்கள், சபை தாங்குகிற விதவைகளும் வறியவர்களும் 1500 பேருக்கு மேல். தலைவனைக் கொன்றார்கள், பயந்தவர்கள் விசுவாசத்தை மறுதலித்தார்கள், மீதி இருந்தவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த நிலையிலும் அந்தச் சபையின் கையில் விதவைகளின் கணக்கு இருந்தது. அவர்கள் பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பு கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சபையின் பொதுப் பெட்டியில் சேரும் மாதக் காணிக்கை யாருக்குப் போகிறது என்று விளக்கியிருக்கிறார். ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கத்துக்கும், அனாதைப் பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களுக்கும் சிறைகளுக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கும். கப்பல் உடைந்து தவிக்கிறவர்களும் அந்த வரிசையில் உண்டு.

அந்த வரிசையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் தென்கோடிக் கரைதான் நினைவுக்கு வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் நாட்கணக்கில் கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து அவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பது கரையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் பங்குத்தந்தையரும் ஊர் மக்களும் வீடு வீடாக விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். தொடக்க நாட்களில் அரசு சொன்ன எண்ணிக்கையும் பங்குகள் சொன்ன எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசத்தில் இருந்த ஒவ்வொருவரும் யாரோ ஒரு பெண்ணின் கணவர், யாரோ ஒருவரின் தகப்பன். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் என்று கேட்டதற்கு அந்தப் பட்டியல் பலமாக இருந்தது.

ஒரு சில நாட்களில் அவர்களால் எப்படி அதைச் செய்ய முடிந்தது? அந்தக் கரையில் பங்கு என்பது ஞாயிறு பூசையோடு முடிகிற காரியம் இல்லை. ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் ஏறுகின்றன. சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியமாக வீடுகளில் கூடுகின்றன. எவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எவன் எந்தப் படகில் ஏறினான் என்பதெல்லாம் யாரும் திட்டமிடாமலே தெரிந்துவிடுகிறது. புயலுக்கு முந்தைய பல ஆண்டுகளின் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள்தாம் அந்தப் பட்டியலை எழுதின.

நம் திருநெல்வேலிச் சபைகளிலும் இதே பழக்கம் வேறு வடிவத்தில் இருந்தது. அசனம் என்ற சபை விருந்தன்று பந்தி நடக்கும்போதே, மேலத் தெரு ஆச்சியைக் காணோமே என்று ஒருத்தி கேட்பாள். கொஞ்ச நேரத்தில் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் அந்த வீட்டுக்குப் போகும். சபைக்காக வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வாங்கப் போகிற அக்காவுக்கு, எந்த வீட்டுப் பானையில் எடுக்க அரிசி இல்லை என்பதும் தெரியவரும். விசுவாசத்தால் வீடிழந்தவர்களுக்கென 1799இல் முதலூர் உருவானதும், 1830இல் இரேனியஸ் ஐயர் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்கித் தரத் தரும சங்கம் தொடங்கியதும் இதே மண்ணில்தான். துரத்தப்பட்டவன் எங்கே போவான் என்று அன்று ஒரு சபை கேட்டது. அந்தக் கேள்விதான் நிலமாகவும் ஊராகவும் ஆயிற்று.

ஆனால் வரலாறு நம்மைப் பாராட்டுவதோடு நிற்பதில்லை. யாருடைய பெயரை நாம் ஏட்டில் எழுதவே இல்லை என்றும் அது கேட்கிறது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையை விட்டே விலகியவர்கள் உண்டு. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதியாகப் பிரிக்க எழுந்த சுவர் நமக்குத் தெரியாததல்ல. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களை மண்ணுக்குள்ளும் சேரவிடாத சபை, துன்ப நாளில் யாரை "நம்ம ஆள்" என்று தேடும்? நீங்கள் போகிற ஊரில் சுவர் செங்கல்லால் கட்டப்பட்டிருக்காது. இருக்கை வரிசையில் இருக்கும், பாடகர் குழுவில் இருக்கும், சேகர கமிட்டியில் இருக்கும். வந்த முதல் மாதத்திலேயே அது உங்கள் கண்ணில் படும். ஆறாவது மாதத்தில் பழகிப்போய்விடும். அந்த ஆறாவது மாதத்தைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன்.

இன்னொன்றையும் பேராயர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை தூசி தட்டப்படுவது பெரும்பாலும் திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போதுதான். சந்தா கட்டியவர் யார், பாக்கி வைத்தவர் யார், யாருக்கு ஓட்டு உண்டு என்று அப்போது விரல் விட்டு எண்ணுகிறோம். சந்தா பாக்கி என்று சிவப்பு மையில் குறிக்கப்பட்டவர் வேலை இழந்தவராக இருக்கலாம், கந்துவட்டிக்காரனுக்கு ஒளிந்து திரிகிறவராக இருக்கலாம், குடிக்கு அடிமையான மகனை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே முகம் காட்டக் கூசுகிற தாயாக இருக்கலாம். அதே ஏட்டை அந்தக் கண்ணோடு படியுங்கள். பணம் கேட்டுப் போகவேண்டிய வீடு எது என்று பொருளாளர் பார்ப்பார். ஜெபிக்கப் போகவேண்டிய வீடு எது என்று நீங்கள் பாருங்கள்.

கொரோனா காலத்தில் ஆலயங்கள் பூட்டப்பட்டன, ஆராதனை கைபேசிக்குள் வந்தது. கதவு திறந்தபோது எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. சிலர் இறந்துபோனார்கள். சிலர் ஊரை விட்டுப் போனார்கள். சிலர், நான் போகாததை யாரும் கேட்கவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நகரத்துப் பெரிய ஆராதனைக் கூடங்களிலும் இதே ஆபத்து உண்டு. ஆயிரம் பேர் நடுவே ஒருவர் மூன்று மாதம் வராவிட்டாலும் நாற்காலி காலியாக இருக்காது, வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய சபை தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்குள் சிறிய வீட்டுக் கூட்டங்கள் இல்லையென்றால் கூட்டம் இருக்கும், ஐக்கியம் இருக்காது.

ஐக்கியம் ஆபத்தைத் தடுத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடைக்கலம் தேடிப் போன இடமே அவர்களுக்குச் சாவிடம் ஆனது. இதற்கு இறையியல் விடை சொல்ல நான் துணியமாட்டேன், நீங்களும் அவசரப்படாதீர்கள். ஆனால் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே மக்கள் கூடி இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள். போரில் மாண்டவர்களை எண்ணிக்கையாக ஆக்குவது எளிது. மனிதர்களாகவே வைத்துக்கொள்ள ஒரு சமூகம் வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. மந்தையைத் தேடப் போகிற உங்களை யார் தேடுவார்? நம் குருவானவர்கள் பலர் தனிமையில் வாடுகிறார்கள். அதைச் சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு இணங்க மறுத்த சபையார், கைதான போதகர்களின் பெயர்களை ஆராதனையில் உரக்க வாசித்து ஜெபித்தார்கள். பெர்லினின் டாலெம் சபையில் அப்படி வாசித்த போதகர் நீமொல்லரே 1937 ஜூலையில் கைதாகி, அந்தப் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டில் ஃபின்கன்வால்டேயில் போன்ஹோபர் நடத்திய குருமடத்தை இரகசியப் போலீசார் மூடினார்கள். மாணவர்கள் சிதறிப்போனார்கள். சிலர் சிறைக்கும் பலர் போர்முனைக்கும் போனார்கள். போன்ஹோபர் அவர்களுக்குச் சுற்றுக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். யார் எங்கே இருக்கிறார், யார் கைதானார், யார் இறந்தார் என்ற செய்திகள் அவற்றில் இருந்தன. ஒரு வகுப்பு, கட்டடம் போன பிறகும் வகுப்பாகவே இருந்தது.

உங்கள் வகுப்புக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கும். அதில் பிறந்தநாள் வாழ்த்தும் பதவி உயர்வுச் செய்தியும் வரும். இரண்டு மாதமாக ஒன்றுமே எழுதாத நண்பர் யார் என்று அவ்வப்போது பாருங்கள். அவரைக் கூப்பிடுங்கள். குழுவில் வேண்டாம், நேரில் பேசுங்கள். முடிந்தால் பேருந்து ஏறிப் போய் ஒருநாள் அவர் வீட்டில் தங்கிவிட்டு வாருங்கள்.

சேகரத்தில் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், பிரசங்கம் தயாரிக்க உட்காரும் முன், உபதேசியாரிடம் குடும்பப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். வெகு நாளாக ஆலயத்துக்கு வராத குடும்பம் எது என்று கேளுங்கள். "அவங்க வரமாட்டாங்க ஐயா" என்பார். காரணமும் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு அந்த வீட்டுக்கே முதலில் போங்கள். அவர்கள் உங்களை உட்காரச் சொல்லாமலும் இருக்கலாம். மறுபடியும் போங்கள். நீங்கள் பெற்ற இறையியல் பட்டம் அந்த இரண்டாவது நடைக்குத்தான்.

ஆண்டவர் உங்களையும், நீங்கள் தேடிப் போகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.