பெற்றரியையும் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி நேரா இங்க வந்திருக்கிறீங்க. வீட்டில அடுப்பு மூட்ட வேணும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேணும். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் என் அலுவலகத்துக்கு வருபவர்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி என்றுதான் வருவார்கள். இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. "ஐயா, பிள்ளை லெப்டொப் கேக்குது. எதை வாங்குறது? கடையில ஒவ்வொருத்தன் ஒவ்வொன்னு சொல்றான்." தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கூட்டம்.

இது சின்னக் காசு இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா ஊக்கத்தொகையும் சேர்த்து 1,750 என்றார்கள். ஒரு மடிக்கணினி ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 1,350 கணக்கில் அது 74 பேர். 1,750 முழுதாகக் கிடைத்தாலும் 57 பேருக்கு மேலே. அத்தனை நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று எடுத்த கொழுந்தை ஒரே நாளில் கடைக்காரரிடம் கொடுக்கப் போகிறோம்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நீங்க எப்படி நிக்கிறீங்க? முள்ளு எங்க நிக்குது, எத்தனை கிலோ சொல்றாங்க, கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறாங்க என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பீங்க. அதே கண்ணோடு கடைக்கும் போக வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

பெற்றரி ஏன் முக்கியம்?

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீரில்தான் லக்ஷபான பக்கத்து மின் நிலையங்கள் ஓடுகின்றன. நம்ம மலைத் தண்ணியில நாட்டுக்கே கரண்ட். ஆனால் காற்று அடித்து ஒரு மரம் கம்பியில் விழுந்தால் நம்ம லயம் இருட்டு.

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் இலங்கை முழுவதும் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிந்து, பாதை மூடி, பல இடங்களில் நாள்கணக்கில் வெளிச்சம் இல்லை. உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தி 2026 ஜனவரியில்தான் மிச்சத்தை நடத்தினார்கள். அந்த நாட்களில் படித்த பிள்ளைகளுக்குத்தான் பெற்றரியின் அருமை தெரியும்.

கொழும்பில் வாங்குகிறவர் வேகத்தைப் பார்க்கட்டும், அழகைப் பார்க்கட்டும். லயத்தில் இருக்கிற நாம் முதலில் பெற்றரியைப் பார்க்க வேண்டும்.

பெற்றரியின் கிலோ என்ன?

கொழுந்துக்குக் கிலோ, மண்ணெண்ணெய்க்கு லீட்டர். பெற்றரிக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அதன் பெயர் வாட் அவர். பெற்றரி மேல் ஒட்டியிருக்கும் தாளிலோ, மாதிரியின் விபரத்திலோ அது எழுதியிருக்கும். கடைக்காரர் "பத்து மணித்தியாலம் நிக்கும் தம்பி" என்றால், "சரி அண்ணே, எத்தனை வாட் அவர்?" என்று கேளுங்கள்.

கணக்கு சுகமானது. பெற்றரி 40 வாட் அவர் என்று வையுங்கள். பிள்ளை எழுதிக்கொண்டோ பாடப்புத்தகம் வாசித்துக்கொண்டோ இருக்கும்போது கணினி 8 வாட் எடுத்தால், 40ஐ 8ஆல் பிரியுங்கள். ஐந்து மணித்தியாலம். அதே கணினியில் வீடியோ வகுப்பு ஓடி, திரையும் பிரகாசமாக இருந்து 13 வாட் எடுத்தால் மூன்று மணித்தியாலம்தான். கம்பனி சொல்லும் பத்து மணித்தியாலம் என்பது திரையை மங்கலாக்கி, வேலை குறைவாகக் கொடுத்து எடுத்த கணக்கு. கூடைக்குக் கழிப்பது போல அதில் நாமும் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

சில பெற்றரியில் வாட் அவர் இருக்காது. வோல்ட்டும் மில்லி அம்பியர் அவரும்தான் இருக்கும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் சரி. 11.4 வோல்ட், 3,500 மில்லி அம்பியர் அவர் என்றால் ஏறக்குறைய 40 வாட் அவர். நமது பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போடுவார்கள்.

பழையதா, புதியதா?

மலிவான சின்னப் புதுக் கணினியைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். 2007இல் தைவானின் ஆசுஸ் கம்பனி ஈ பீசி என்று ஏழு அங்குலத் திரையுள்ள சின்னக் கணினியை விட்டது. விலை குறைவு, பாரம் குறைவு. உலகமே வாங்கியது. ஆனால் முதலில் வந்ததில் சேமிக்கும் இடம் 4 ஜிபிதான். இன்றைக்கும் மலிவு விலைக் கணினிகளில் அந்தக் குறை இருக்கிறது. 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பு என்று வரும். பல மாதிரிகளில் இரண்டும் பலகையோடு ஒட்டவைத்தது. பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் ஒரு தடவை புதுப்பித்தாலே இடம் நிறைந்துவிடும். பிள்ளை ஒரு பாடத்தைத் திறக்க நாம் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

ஆகவே புதியது வாங்கினால் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்பதற்குக் கீழே போகாதீர்கள். கரண்ட் குறைவாகக் குடிக்கும் சின்ன ப்ரொசசர்களில், 2023இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர் உள்ளது, படிப்புக்குப் போதும். 2019இல் வந்த செலரோன் என்4020 இரண்டு கோர்தான். அது எழுதுவதற்கு மட்டும் சரிவரும்.

பாவித்ததை வாங்குவதில் வெட்கமில்லை. அலுவலகங்களில் சில வருடம் பாவித்து விற்கும் லெனோவோ திங்பேட், டெல் லெட்டிடியூட், எச்பி எலைட்புக் போன்றவை உறுதியானவை. உதிரிப்பாகமும் தேடிப் பிடிக்கலாம். உதாரணமாக 2018இல் வந்த திங்பேட் டி480 என்ற மாதிரியில் உள்ளே ஒரு பெற்றரி, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இன்னொரு பெற்றரி. கணினியை நிறுத்தாமலேயே பின்பெற்றரியை மாற்றலாம்.

ஆனால் பழையதில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டும் என்றால், இன்டெல் கோர் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். "ஐ5" என்று சொன்னவுடன் தலையாட்டாதீர்கள். ஐ5க்குப் பிறகு வரும் இலக்கத்தைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை. ஆறாம் தலைமுறையை விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று விற்றால் விலகிக்கொள்ளுங்கள். அல்லது காசு கேட்காத உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, தேய்ந்த பெற்றரி. விண்டோஸ் கணினியில் பெற்றரி ரிப்போர்ட் என்று ஓர் அறிக்கை எடுக்கலாம். கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலை. அதில் இரண்டு இலக்கம் பாருங்கள். டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த அளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு உள்ள அளவு. முதலாவது 48 ஆயிரமும் இரண்டாவது 24 ஆயிரமும் என்றால் அது அரைப் பேர் பெற்றரி. அரைப் பேருக்கு முழுச் சம்பளம் யாராவது கொடுப்பார்களா? நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இருந்தால் புதுப் பெற்றரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கடையிலேயே நிறுத்துப் பார்க்கும் முறை

அறிக்கை எல்லாம் விளங்காது என்பவர்களுக்கு இன்னொரு வழி. சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். நூற்றுக்கு எத்தனை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். பத்து குறைந்தால் மொத்தம் ஐந்து மணித்தியாலம் அளவில் நிற்கும். இருபத்தைந்து குறைந்தால் இரண்டு மணித்தியாலம்தான். சும்மா நிற்கும்போதே திடீரென்று அணைந்தால் அந்தப் பெற்றரி செத்தது. "அவ்வளவு நேரம் நிக்க ஏலாது" என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரே ஒரு கடையா இருக்கிறது?

யூஎஸ்பி சி துளையால் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். ஏறும் என்றால், 45 வாட் அல்லது அதற்கு மேல் கொடுக்கக்கூடிய பவர் பேங்க் ஒன்றால் கரண்ட் இல்லாத நேரமும் ஏற்றலாம். போனுக்குப் பாவிக்கும் சாதாரண பவர் பேங்க் இதற்குப் போதாது.

பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். பில்லில் மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் இருக்க வேண்டும். பெற்றரிக்கும் சார்ஜருக்கும் உத்தரவாதம் எத்தனை மாதம் என்று தனியாக எழுதி வாங்குங்கள். கணினிக்கு ஒரு வருடம் சொல்லிவிட்டு பெற்றரியைக் கைவிடுவது நடக்கிறது. ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

தவணைக்கு வாங்குவதா?

"மாசம் ஆறாயிரம்தானே" என்று சொல்லுவார்கள். மாதத் தொகையைப் பார்க்காமல் கூட்டுத் தொகையைப் பாருங்கள். முற்பணம் 20,000, மாதம் 6,000 வீதம் 18 மாதம் என்று வைத்தால் 1,28,000 ஆகிறது. ஒரு இலட்சம் சாமானுக்கு 28,000 கூட. 1,750 கணக்கில் அது 16 பேர். அத்தனை நாள் நீங்கள் வட்டிக்காக மலை ஏறுகிறீர்கள். தாலிக்கொடியை அடகு வைத்து வாங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. நாலு மாதம் பொறுத்து, சீட்டுக் காசிலோ தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கிலோ வாங்கினால் பிள்ளையின் படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இப்போதே கணினி தேவையில்லை. சாதாரண தரம் வரை படிக்கும் பிள்ளைக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடப்புத்தகங்களையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களையும் வீட்டில் உள்ள போனிலேயே பார்க்கலாம். உயர்தரம், கணினிப் பாடம், பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி என்று போகும் பிள்ளைக்குத்தான் தட்டச்சுப் பலகை அவசியமாகிறது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளை என்றால் மூத்தவருக்கு வாங்குவதை மற்றவர்களும் நேரம் பிரித்துப் பாவிக்கட்டும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் லயத்தில் சிக்னல் இல்லாத இரவிலும் படிக்கலாம்.

வாங்கிய பிறகு

லித்தியம் பெற்றரிக்கு எதிரி சூடு. அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். கம்பளிக்கு மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்; காற்று போகாமல் சூடேறும். எப்போதும் நூறில் மாட்டியே வைக்காமல் எண்பதோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பனி நேரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்தவுடன் திறக்க வேண்டாம். உள்ளே நீர் பூத்திருக்கும், கொஞ்ச நேரம் பையிலேயே இருக்கட்டும். இடி மின்னல் நேரம் சார்ஜர் வயரைக் கழற்றிவிடுங்கள். அந்த நேரத்துக்குத்தானே பெற்றரி இருக்கிறது. பெற்றரி வீங்கி மூடி தூக்கினால் அன்றே பாவிப்பதை நிறுத்த வேண்டும். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

தாய்மார்களே, கடைக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: பெற்றரி எத்தனை வாட் அவர், அதில் இன்றைக்கு எவ்வளவு மிச்சம், ராம் 8 ஜிபியா, எத்தனையாம் தலைமுறை, பெற்றரிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம். படித்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கொடுக்கும் முன் சந்தேகம் வந்தால் அந்தக் கடதாசியோடு என் அலுவலகத்துக்கு வாருங்கள், இருந்து பார்ப்போம்.

"எங்களுக்கு என்ன தெரியும் ஐயா" என்று சொல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தராசில் கால் கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். இதுவும் ஒரு நிறுவைதான்.