கருவில் தொடங்கும் கல்வி



நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்து வருகின்றது. வெள்ளி விழா காணும் இந்நாளில், பிள்ளை பள்ளிப் படியை மிதிக்கும் முன்னரே நாம் ஆற்ற வேண்டிய கடமை ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். கருவுற்ற தாய்க்கு நல்லுணவு அளிப்பதே அக்கடமை.

தாய் உண்ணும் உணவு பிள்ளையின் பிறப்பு எடையைப் பாதிக்கும் என்பதை யாவரும் அறிவோம். அப்பிள்ளை ஐம்பது வயதை எட்டும்போது வரக்கூடிய சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அவ்வுணவோடு தொடர்புண்டு என்பதைப் பலர் அறியார். 1944-45 குளிர்காலத்தில், போரின் இடையே, ஜெர்மானியர் உணவு வரவைத் தடுத்தமையால் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் குறைவான உணவே கிடைத்தது. அப்போது கருவில் இருந்தோரை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது.

காரணம் யாது? உணவு போதாதபோது கருவிலுள்ள சிசுவின் உடல் முதலில் மூளையைக் காக்கின்றது. கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பங்கு குறைகின்றது. பின்னாளில் உணவு மிகுதியாகக் கிடைக்குங்கால், சிற்றடுப்பில் கல்யாணச் சமையலை ஏற்றியதுபோல் அவ்வுடல் திணறுகின்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. புனே நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஞ்னிக் குழுவினர் 1993-இல் அருகிலுள்ள ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகள் மெலிந்து பிறந்தும், தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் எடை கூடிப் பிறந்தன.

இனி நம் தெருக்களைப் பார்ப்போம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் சமைத்தும் பாத்திரம் துலக்கியும் நம் பெண்கள் உழைக்கின்றனர். ஒரு குவளைத் தேநீரோடு காலையில் புறப்படுவோர் பலர். வீடு திரும்பியதும் மற்றவர் உண்டு எஞ்சியதே அவர்களுக்கு. "நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும்" என்று தடுக்கும் பெரியவர்களும் உண்டு. இவ்வழக்கங்கள் ஒழிய வேண்டும்.

கேழ்வரகு, முருங்கைக் கீரை, பயறு, முட்டை, நெத்திலி ஆகியவை எளியோர்க்கும் எட்டுபவை. நம் அடுப்பில் வேகும் இறைச்சியை இழிவாகப் பேசுவோர் உளர். அச்சொல்லுக்கு அஞ்சி நம் பெண்கள் அதனை விலக்க வேண்டியதில்லை. இரத்தம் ஊற உதவும் இரும்பும் பி12 வைட்டமினும் அதில் உள்ளன. அதேபோழ்து, இருவருக்காக உண்பதாக எண்ணிச் சோற்றையும் இனிப்பையும் குவிப்பதும் தீது. கர்ப்பக் காலச் சர்க்கரை நோய் பிள்ளையையும் பின்னாளில் தொடரக்கூடும். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் எளிய சோதனையைப் பரப்பியவர் நம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அச்சோதனையைத் தவறாது செய்துகொள்ள வேண்டும்.

1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்த அண்ணல் அம்பேத்கர், பேறு காலத்தில் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டுக்கே நன்மை என வாதாடினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் நடைபெறுகின்றது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதன்வழிக் கிடைக்கின்றன. இது பிச்சையன்று, உரிமை.

இளைஞர்களே! உங்கள் தெருவில் கருவுற்ற சகோதரி ஒருத்தி இருப்பின், பன்னிரண்டு வாரங்களுக்குள் அவள் பெயரைச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய உதவுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் நினைவூட்டுங்கள். உங்கள் இல்லத்தில் முதல் தட்டு அவளுக்கே வைக்கப்படட்டும். கருவில் மெலிந்தவர்க்கும் நல்லுணவும் உடலுழைப்பும் பின்னாளில் துணை நிற்கும். ஆயினும் வருமுன் காப்பதே அறிவுடைமை.

இன்று அத்தட்டில் நாம் இடும் கீரையும் முட்டையும், நம் சங்கம் பொன்விழாவைத் தாண்டி நிற்கும் நாளில், திடமான ஆண்களாகவும் பெண்களாகவும் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும்.