முதற்கட்ட மானியம்

புதிய கருவியொன்றைச் செய்யலாம் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் உதித்து, அது உள்ளபடியே இயங்குமா என்பது அவருக்கே நிச்சயமாகாத காலத்தில், பணம் கொடுத்து உதவ எவரும் எளிதில் முன்வருவதில்லை. வங்கி ஈடு கேட்கிறது. முதலாளி லாபத்துக்கு உத்தரவாதம் கேட்கிறார். இரண்டும் அவரிடம் இல்லை. இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்க சர்க்கார் கண்ட பரிகாரம் நாம் சிந்திக்கத்தக்கது.

அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தில் அதிகாரியாயிருந்த ரோலண்ட் டிபெட்ஸ் என்பவரின் முயற்சியால், சிறு தொழில் ஸ்தாபனங்களின் ஆராய்ச்சிக்கு மானியம் வழங்கும் சோதனைத் திட்டம் ஒன்று 1977-இல் அங்கே ஆரம்பமாயிற்று. அதன் பயனைக் கண்ட காங்கிரஸ் சபை, வெளியார் செய்யும் ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வோர் இலாகாவும் அதில் ஒரு பங்கைச் சிறு ஸ்தாபனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 1982-இல் சட்டம் செய்தது. தங்களுக்கு வரும் பணம் குறையுமே என்று பல்கலைக்கழகங்கள் ஆட்சேபித்தன. ஆயினும், தொடக்கத்தில் பெரும்பாலான இலாகாக்களில் 0.2 சதவிகிதமாக இருந்த அந்தப் பங்கு, படிப்படியாக 3.2 சதவிகிதமாக உயர்ந்தது.

திட்டத்தின் விவேகம் அதன் மூன்று கட்டங்களில் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு மாத காலம், எண்ணம் சாத்தியமானதுதானா என்று சோதித்துப் பார்க்க மட்டுமே முதற்கட்ட மானியம். அதில் தேறியவர்களில் தகுதியுள்ளோருக்கு, மாதிரிக் கருவியை உருவாக்கச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பெரிய தொகை. மூன்றாவது கட்டத்தில் இத்திட்டத்தின் பணம் கிடையாது, சந்தையையோ வேறு முதலீட்டையோ அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற்கட்டத்துக்கு ஒரு லட்சம் டாலரும், இரண்டாவதற்கு ஏழரை லட்சம் டாலரும் வரம்பாக வைக்கப்பட்டன. நீரோட்டம் உண்டா என்று துளையிட்டுப் பார்த்த பிறகே கிணறு வெட்டத் துணியும் குடியானவனின் நிதானம் இதில் இருக்கிறது. இது கடனன்று, சர்க்கார் கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை, கண்டுபிடிப்பின் உரிமை ஸ்தாபனத்துக்கே உரியது.

கைத்தொலைபேசித் துறையில் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற குவால்காம், கணினிப் பாதுகாப்பில் புகழடைந்த சைமான்டெக் ஆகிய கம்பெனிகள் தங்கள் இளமைப் பருவத்தில் இந்த மானியத்தைப் பெற்றவையே. ஆனால் வெற்றியடைந்த சிலரைச் சுட்டிக்காட்டுவது மாத்திரம் போதிய சாட்சியமாகாது. எரிசக்தி இலாகாவின் மானியங்களை ஆராய்ந்து, சப்ரினா ஹவெல் என்ற பொருளாதார அறிஞர் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, முதற்கட்ட மானியம் பெற்ற கம்பெனிக்குப் பின்னர்த் தனியார் துணிகர மூலதனம் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று காட்டுகிறது. அதைவிடப் பெரிய இரண்டாம் கட்டத் தொகைக்கு அத்தகைய பலன் காணப்படவில்லை. ஆரம்ப மாதிரியொன்றைச் செய்து பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வசதியே முக்கியமாக இருந்தது என்பது அவர் முடிவு.

பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராமல், மானியத்துக்கு மேல் மானியமாக வாங்கியே காலந்தள்ளும் ஸ்தாபனங்களும் உண்டு என்பது நியாயமான குறை. அதற்காகவே, பலமுறை பெற்றவர்கள் தம் முன்னேற்றத்தைக் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டிலும் மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்ப இலாகா 2005-இல் இதையொத்த திட்டமொன்றை ஆரம்பித்திருக்கிறது. இத்தகைய திட்டங்களை நடத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று: முதற்கட்டச் சோதனையில் ஓர் எண்ணம் பொய்த்துப்போனால் அந்தப் பணம் விரயமாயிற்று என்று வருந்த வேண்டியதில்லை, பெருந்தொகை வீணாகாமல் காத்ததும் அந்தச் சிறு தொகையேயாகும். ஆகையால் பெருந்தொகையைச் சிலருக்கு அளிப்பதைக் காட்டிலும், சிறு தொகையைப் பலருக்கு, தகுதி ஒன்றையே பார்த்து, காலந்தாழ்த்தாமல் அளிப்பதுதான் விஞ்ஞானத்துக்கும் தொழிலுக்கும் சர்க்கார் செய்யக்கூடிய மேலான சகாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.