கண்ணாடிக்குள் ஏறிய ஒளி
(ஜூபிலி விழா மாலையில் ஆற்றிய உரை)



ஜூபிலிச் சொற்பொழிவுகளில் ஒன்று ஒளியைப் பற்றியதாக இருக்கட்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். ஒளியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதைத் தொழிலாகவே கொண்டவர் ஒருவரை, அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியை, இன்று நாம் அறிந்துகொள்வோம்.

ஆலயச் சன்னல்களில் நாம் காணும் வண்ணக் கண்ணாடி தட்டையானது. துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டையால் இணைப்பார்கள். பின்னால் வெயில் வந்தால் சுடர்விடும், வெயில் போனால் அவிந்துவிடும். சிஹூலி கைக்கொண்டதோ உருகிய கண்ணாடி. மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் உலையில் ஏறத்தாழ 1,100 பாகை வெப்பத்தில் தேன்போல் குழைந்து நிற்கும். ஊதுகுழலின் நுனியில் அதைச் சுற்றியெடுத்து, ஊதி, சுழற்றி, தொங்கவிட்டு உருக்கொடுக்க வேண்டும். சற்று நேரத்தில் இறுகிவிடும். மறுபடி தீயில் காட்ட வேண்டும். முடிந்த பண்டத்தை வேறோர் உலையில் வைத்து மெல்ல ஆற்றாவிட்டால் தானாகவே வெடித்துப் போகும்.

இவர் 1941-ல் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் பிறந்தார். தந்தை கசாப்புத் தொழிலாளி, தொழிற்சங்கத்திலும் உழைத்தவர். 1957-ல் அண்ணன் ஜார்ஜ் கடற்படை விமானப் பயிற்சியின்போது விபத்தில் மாண்டார். அடுத்த ஆண்டே தந்தையும் மாரடைப்பால் காலமானார். தாய் வயோலா வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தார். மகனைக் கல்லூரிக்குப் போகச் செய்ததும் அந்தத் தாய்தான். 1965-ல் வீட்டின் நிலவறையில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உருக்கி, ஒரு குழாயால் ஊதிப் பார்த்தார். குமிழி ஒன்று எழுந்தது. அன்று பிடித்த ஆசை பிறகு விடவேயில்லை. மேற்படிப்புக்குப் பணம் சேர்க்க அலாஸ்காவில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார் என்று சொன்னால், கடல் வேலை அறிந்த நம்மவர்க்கு அவர்மேல் தனி அன்பு பிறக்கலாம்!

1968-ல் வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவுக்குச் சென்று, வெனினி தொழிற்கூடத்தில் பயின்றார். தீ விபத்துக்கு அஞ்சி 1291-ல் வெனிஸ் அரசு உலைகளையெல்லாம் அனுப்பிவைத்த தீவு அது. அங்கே மேஸ்திரி ஒருவர் நடுவில் அமர்ந்திருக்க, சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவரும் குறிப்பறிந்து ஒரு வேலையைச் செய்வார்கள். தனியொருவன் செய்யும் தொழில் அல்ல இது என்பதைச் சிஹூலி அங்கேதான் கண்டார்.

இனி ஒளிக்கு வருவோம். ரோட் தீவு வடிவமைப்புக் கல்லூரியில் அவர் ஆசிரியராக இருந்தபோது, 1971-லும் 1972-லும் ஜேம்ஸ் கார்ப்பெண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து "கண்ணாடிக் காடு" ஒன்றை அமைத்தார். உயரத்தில் நின்று பால் வெள்ளைக் கண்ணாடிக் குழம்பைத் தரையை நோக்கி இழியவிட்டார்கள். அது தண்டு தண்டாக நீண்டு, உள்ளே குழலாக நின்றது. அக்குழல்களில் நியான், ஆர்கன் வாயுக்களை அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். கடைவீதிப் பெயர்ப்பலகையில் நாம் பார்க்கும் அதே நியான்தான்! ஆனால் அதுவரை வெளியிலிருந்து ஒளியைக் கடன் வாங்கிய கண்ணாடி, இங்கே தன் வயிற்றுக்குள்ளிருந்தே ஒளிர்ந்தது. பின்னாளில் அவர் செய்த பெரும் வேலைகள் எல்லாவற்றையும்விட இதுவே துணிவானது என்பது நம் கருத்து. கார்ப்பெண்டரும் கட்டடங்களில் ஒளியை ஆளும் வல்லுநராகப் பிற்காலத்தில் பெயர் பெற்றார். அதே 1971-ல் சியாட்டிலுக்கு வடக்கே ஒரு மரப் பண்ணையில், கொட்டும் மழையில், கூடாரங்களில் மாணவர்களைத் தங்கவைத்துச் சிஹூலி தொடங்கிய பில்சக் கண்ணாடிப் பள்ளி இன்று உலகறிந்தது.

1976-ல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் முன்கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வீசப்பட்டார். கண்ணாடியால் வாழ்ந்தவருக்குக் கண்ணாடியாலேயே இடது கண்ணின் பார்வை போயிற்று. ஒற்றைக் கண்ணுக்குத் தொலைவு சரியாகப் பிடிபடாது. உலைக்கு முன்னே அது ஆபத்து. 1979-ல் கடலலையில் விளையாடும்போது தோள்மூட்டும் நழுவியது. கனத்த ஊதுகுழலை இனித் தூக்க இயலாது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் என்ன செய்தார்? குழலைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் தாள்களில் வண்ணத்தால் வரையத் தொடங்கினார். அந்தப் படங்களைப் பார்த்து உலைக்கூடத்தார் உருவாக்கினர். முரானோவில் கற்ற பாடம் அப்போது கைகொடுத்தது.

அப்படியானால் அது யாருடைய வேலை? இந்தக் கேள்வியை அவரிடம் பலர் கேட்டனர். நியாயமான கேள்வி என்றே நாமும் நினைக்கிறோம். மேஸ்திரிகளின் பெயரையும் கூடவே எழுதியிருந்தால் குறைந்தா போயிருக்கும்? ஆனால் ஒன்று: கோவில் அடிக்கற்களில் ஆயரின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, கொத்தனார்கள் பெயரை எங்கே தேடுவது? நாமும் அவரை நோக்கி விரல் நீட்டுமுன் சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

அதன்பின் வேலைகள் பெருகின. 1995-ல் பின்லாந்தில் ஓர் ஆற்றில் கண்ணாடி உருக்களை வீசி மிதக்கவிட, ஊர்ப் பிள்ளைகள் படகுகளில் போய் அவற்றைக் குவித்து வந்தார்கள். அந்தக் காட்சியிலிருந்தே கண்ணாடி நிறைந்த படகுகள் என்ற வரிசை பிறந்தது. 1996-ல் வெனிஸ் கால்வாய்களின் மேலே அவருடைய சரவிளக்குகள் தொங்கின. அவற்றுக்குள் பல்பு கிடையாது. வானத்து ஒளியும் நீரின் மினுக்கமுமே போதுமாயிருந்தன. 1998-ல் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதி ஒன்றின் கூரையில் 2,000 கண்ணாடி மலர்களைப் பதித்தார். இடம் நமக்கு உவப்பானதல்ல, மலர்கள்மேல் குற்றமில்லை.

எருசலேமுக்கு 1999-ல் வந்தார். யாப்பா வாசலருகே உள்ள தாவீதின் கோட்டைக்குள், பழைய கற்சுவர்களுக்கு இடையே, மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி எழுந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தனர். அவ்வாண்டு அக்டோபரில், அலாஸ்காவிலிருந்து 60 டன்னுக்கு மேற்பட்ட பனிக்கட்டிப் பாளங்களைக் கப்பலில் வரவழைத்துக் கோட்டைக்கு வெளியே சுவராக அடுக்கினார். இரவில் அதன்மேல் வண்ண ஒளி பாய்ச்சினர். எருசலேமின் வெயிலில் அந்தச் சுவர் சில நாள்களில் உருகி, கல்தரையில் ஓடி மறைந்தது.