தொய்வுள்ள பிள்ளையும் ஓடலாம்

திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் பிள்ளைகள் பந்தடிக்கும்போது, தொய்வுள்ள பிள்ளையைக் கரையில் இருத்திவிடுகிறோம். அன்புதான், ஆனால் பிழையான அன்பு. ஓடாத உடம்பு பலம் குறைந்து, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும்.

ஓடும்போது வாயால் வேகமாக இழுக்கும் காற்று மூச்சுக்குழாயை உலர்த்திச் சுருக்குகிறது. ஈரக்காற்றில் இது குறைவு. அதனால் நீச்சல் பலருக்குத் தோதுப்படும். சிறுவயதில் தொய்வுக்காக வைத்தியர் சொல்லி நீந்தத் தொடங்கிய அமெரிக்கர் எமி வான் டைக்கன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றார்!

பிள்ளையின் தாங்குசக்தியை அறிய, 30 மீற்றர் நடைபாதையில் 6 நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளப்பார்கள், அவ்வளவுதான் சோதனை. வைத்தியர் சொல்லியிருந்தால், விளையாட்டுக்குச் சுமார் 15 நிமிடம் முன் இன்ஹேலர் எடுக்கட்டும். விளையாட்டு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். இன்ஹேலர் அலுமாரியில் அல்ல, பிள்ளையின் பையில் இருக்கட்டும்.